செவிவழி வாசிப்பும் கண்வழி வாசிப்பும்: தமிழ்ச் சிறார் எழுத்தறிவின் வரலாறு குறித்து

தெற்கு அந்தமானில், 2024ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கப்பெறும் போர்ட் பிளேயரை ஒட்டிப் பத்துபஸ்தி என்னும் ஊர் உள்ளது. அப்பெயரைத் தமிழெழுத்தில் முதன்முறையாகக் காணும் ஒருவர் அதன் முற்பகுதியைப் ‘பத்து’ என்னும் எண்ணுப்பெயராகவே படிப்பர். தமிழில் பகரம் ஒலிப்புடைய இதழொலிக்கும் ஒலிப்பிலா இதழொலிக்கும் பொதுவான வடிவம். தமிழ்ச் சொல்லின் முதலில் அது ஒலிப்பின்றியே வரும் என்பது தமிழறிந்தார் செவியில் ஊறிய வழக்கம். அவ்வூர்ப்பெயரோ ஒலிப்புடைய ஒலியில் தொடங்குவது. பிற்பகுதியாகிய ‘பஸ்தி’ குடியிருப்பைக் குறிக்கும் இந்திச் சொல். ஊரை அறிந்தவர் சரியாக ஒலிப்பர்; அறியாதவர் எண்ணாகப் படிப்பர். மூன்றாம் வகை வாசகர் ஒருவரும் உண்டு. எண்ணுப்பெயராகிய ‘பத்து’ வன்தொடர்க் குற்றியலுகரமாதலின் அதன்பின் வல்லினம் மிகும். பத்துப்பாட்டு என்பதுபோலப் பத்துப்பஸ்தி என்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒற்று மிகாமையைக் கண்டு, இது எண்ணுப்பெயர் அன்று, வேற்றுமொழிப் பெயர் போலும் என ஐயுறுபவர் அவர். (இக்கால அச்சில் ஒற்று விடுபடுவது பெருவழக்காகிவிட்டமையின் இவ்வையம் எப்போதும் பயன்தரும் எனல் ஆகாது, அது வேறு செய்தி.) ஊரைப் பற்றி எதுவும் கேட்டிராத நிலையிலும் எழுத்திலிருந்தே அவர் ஒரு செய்தியைப் பெற்றுவிடுகிறார்.

இம்மூவரும் காண்பது ஒரே எழுத்துத் தொடரைத்தான். தொடக்கப் பள்ளி இவர்களுள் யாரை உருவாக்க வேண்டும் என்னும் வினா எளியதாகத் தோன்றினும், தமிழ்க் கல்வி வரலாற்றில் அது நெடுங்காலம் எழுப்பப்படவில்லை. முன்பே கேட்டறிந்ததை எழுத்தில் கண்டு இனங்கொள்ளுதல் ஓர் ஆற்றல். முன்பு கேட்டிராததை எழுத்தின் வழியாகவே அறிதல் மற்றோர் ஆற்றல். முன்னதைச் செவிவழி வாசிப்பு என்றும் பின்னதைக் கண்வழி வாசிப்பு என்றும் ஈண்டு வழங்கலாம். பழந்தமிழ்க் கல்வி முன்னதை இலக்காகக் கொண்டதற்கு எழுத்துமுறையிலேயே தக்க காரணம் இருந்தது. அக்காரணம் நீங்கிய பின்னரும் பள்ளி பழைய இலக்கையே பெரிதும் பற்றி நின்றது. அதனால் நேரும் இழப்பு, தமிழகத்தைக் காட்டிலும் பன்மொழிச் சூழலில் வளரும் தீவுக் குழந்தைகளிடம் தெளிவாகப் புலப்படுகிறது.

படித்தல் என்னும் சொல்

குழப்பத்தின் ஒரு பகுதி சொல்லிலேயே உள்ளது. இக்காலத் தமிழில் ‘படி’ என்னும் வினை எழுத்தைக் கண்டு பொருள் கொள்வதையும் கல்வி பயில்வதையும் ஒருங்கே குறிக்கும். ‘பையன் நன்றாகப் படிக்கிறான்’ என்று ஒரு தாய் கூறினால், அவன் தேர்வில் மிகுந்த மதிப்பெண் பெறுகிறான் என்பதே பொருள். எதிர்பாராத ஒரு பத்தியைக் கொடுத்தால் அவன் பொருள் உணர்ந்து வாசிப்பானா என்பது அத்தொடரில் அடங்குவதில்லை. ‘வாசி’ என்பது சற்றே பயன்படும். ஆயினும் அதுவும் வாய்விட்டுச் சொல்லுதலோடு பிணைந்த சொல். வாக்கு என்னும் பொருளுடைய வடசொல் வேரிலிருந்து அதனைக் கொள்வர். குழலையும் வீணையையும் ‘வாசிப்பது’ அதன் ஒலிச் சார்பைக் காட்டும். மிகப் பழைய சொல்லாகிய ‘ஓது’ என்பதில் ஒலித்தலும் கற்றலும் பிரிக்கவியலாதவை. தொல்காப்பியம் ஓதற்பொருட்டுத் தலைவன் பிரிதலைக் கூறுகின்றது. அங்கு ஓதல் என்பது கல்வி முழுமையும் ஆகும். எழுத்தைக் கண்டு மனத்துள் பொருள் கொள்ளும் தொழிலுக்கென்று தனிவினை ஒன்று தமிழில் ஊன்றவில்லை. ஒரு மொழியில் சொல் இல்லாமையால் பொருளும் இல்லை என்று முடிவு செய்தல் தவறு. ஆயினும், பெற்றோரும் ஆசிரியரும் ஒரு குறையைக் காணத் தவறுவதற்கு, அக்குறைக்குப் பெயர் இல்லாமையும் ஒரு காரணமாதல் கூடும்.

ஏட்டெழுத்தும் முன்னறிவும்

ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் எழுதுவோர் புள்ளி இடுவதில்லை. ஓலையைப் புள்ளி துளைத்துவிடும் என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணம். எனவே மெய்யெழுத்தும் அகரமேறிய உயிர்மெய்யும் ஒன்றுபோல் தோன்றும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டப்படவில்லை. குற்றெழுத்தாகிய எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் விதி. புள்ளியே இடாத ஏட்டில் அவ்விதிக்கு இடமில்லை. ‘எரி’யும் ‘ஏரி’யும் ஒரே வடிவில் அமையும், ‘கொடு’வும் ‘கோடு’ம் அவ்வாறே. ஆகாரக் குறியாகிய காலும் ரகரமும் பெரும்பாலும் வேறுபடா. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. செய்யுளாயின் அடி முடியும் இடத்தைக் கூட ஏடு காட்டாது, யாப்பறிவே காட்டும்.

இத்தகைய எழுத்தைப் படிக்க எழுத்தறிவு மட்டும் போதாது. அடுத்து வரத்தக்க சொல் யாது, எவ்வகைச் சீர் இங்குப் பொருந்தும் என்பதை முன்கூட்டியே அறிந்த ஒருவரே படிக்க இயலும். ஏடு அவருக்கு நினைவூட்டும் கருவி. புதியதை அறிவிக்கும் கருவியாதல் அரிது. ஆசிரியரிடம் பாடம் கேட்டல் என்னும் தொடரே இந்நிலையை உணர்த்தும். நூல் கைவசம் இருப்பினும் பாடம் ‘கேட்க’ வேண்டும்.

கேட்கும் தொடர் அறுந்தால் நேர்வது யாது என்பதற்கு உ.வே. சாமிநாதையர் வாழ்வினும் சிறந்த சான்று இல்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களுமாகப் பெருந்தொகை நூல்களைப் பாடம் கேட்டவர் அவர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவியபோது, அந்நூலைப் பாடம் கேட்டிராமையை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அச்சந்திப்பைத் ‘என் சரித்திர’த்தில் அவர் விரிவாகவே எழுதியுள்ளார். ஏடு கிடைத்தது, எழுத்துப் புரிந்தது, நூல் புரியவில்லை. தமிழ் எழுத்தைத் தமிழகத்தில் எவரினும் நன்கறிந்த ஒருவர் மீண்டும் தொடக்கநிலை வாசகராய் நின்ற இடம் அது. அந்நூலை இடையறாது படித்துவந்த சமணக் குடும்பத்தாரிடம் சென்று அவர் பொருள் கேட்டறிந்தார். அறுந்துபோன செவிவழி அங்கு ஓரிழையாக எஞ்சியிருந்தது. ஏனையவற்றை ஒப்புநோக்கியும் மேற்கோள்களைத் தேடியும் கண்வழியே மீட்டார். 1887இல் பதிப்பு வெளிவந்தது.

திண்ணைப் பள்ளி

திண்ணைப் பள்ளியின் பயிற்சி முறையை இப்பின்னணியில் நோக்குதல் வேண்டும். சிறுவன் மணலில் விரலால் எழுத்தை வரைந்து வாய்விட்டுச் சொல்லுவான்; பின்னர் ஓலைக்குச் செல்வான். சட்டாம்பிள்ளை முன்சொல்ல ஏனையோர் பின்சொல்வர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி முதலியனவும் எண்சுவடியும் மனப்பாடமாக ஏறும். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நெடுங்கணக்கு வரிசையில் அடிகள் தொடங்குமாறு அமைந்த நூல்கள். செவியில் முன்பே பதிந்த அடி எழுத்தின் வரிசையையும் வடிவையும் நினைவில் இருத்தும் ஏணியாகப் பயன்பட்டது. ஏட்டெழுத்தின் இயல்புக்கு இது மிகப் பொருத்தமான முறை. கிளிப்பிள்ளைக் கல்வி என்று இதனை எள்ளுவோர் அவ்வெழுத்து மாணவனிடம் வேண்டி நின்றது யாது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இம்முறையின் ஒரு கூறு கடல் கடந்ததும் உண்டு. எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பள்ளியில் சிறுவர் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியில் அதனைக் கையாண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தெடுத்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல்வழி அது ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்று இங்கிலாந்தின் ஏழைச் சிறார் பள்ளிகளில் பரவியது. அங்கு மணல் எழுத்துப் போயிற்று. பாடம் கேட்டல் போகவில்லை. ஆங்கிலச் சிறுவர் மணலில் எழுதியது தாம் பேசும் மொழியின் சொற்களை.

தமிழ்ச் சிறுவன் எழுதியது தான் பேசும் மொழியையா? இவ்வினாவை முதலில் நிருவாகக் கோப்பில் எழுப்பியவர் மொழியியலார் அல்லர். ஒரு மாவட்ட ஆட்சியர். 1822இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்குமாறு பணித்தார். 1826இல் அவர் தொகுத்துரைத்த கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் பயின்றனர். எண்களே இவ்வறிக்கைகளிலிருந்து மிகுதியும் எடுத்தாளப்படுகின்றன. 1823இல் பல்லாரி ஆட்சியர் ஏ.டி. காம்பெல் அனுப்பிய மறுமொழி அவற்றினும் ஆழமானது. கன்னடமும் தெலுங்கும் வழங்கும் அப்பகுதியில் பள்ளிச் சிறுவர் மனப்பாடம் செய்யும் செய்யுள்மொழி, அன்றாட உரையாடலிலும் தொழிலிலும் வழங்கும் மொழியினின்று வேறானது என்று அவர் எழுதினார். இரண்டிற்கும் எழுத்து ஒன்றே ஆதலின், ஒன்றைப் படிக்க வல்லவர் மற்றொன்றையும் படித்துவிடுவர். பொருளுணர மாட்டார் என்பது அவர் கூற்றின் சாரம்.

தமிழ்மொழியியலுக்கு இக்கூற்று அயலானதன்று. 1959இல் சார்ல்ஸ் பெர்குசன் இரட்டை வழக்கு என்னும் கருத்தை வகுத்தபோது தமிழையும் சுட்டிச் சென்றார், 1960இல் மு. சண்முகம் பிள்ளை இலக்கியத் தமிழையும் பேச்சுத் தமிழையும் ஒப்பிட்டு எழுதினார். 1986இல் பிரான்சிஸ் பிரிட்டோ தமிழை முதன்மைச் சான்றாகக் கொண்டு தனிநூல் வெளியிட்டார். ஆயின் இவ்வாய்வுகள் பெரிதும் ஒலியனியல், உருபனியல், சமூகப் பயன்பாடு ஆகியவற்றின் மேலேயே நின்றன. இரண்டு வழக்குகளுக்கும் இடையிலான தொலைவை ஐந்து வயதுக் குழந்தை வாசிப்பின்போது எவ்வாறு கடக்கிறது என்னும் வினாவைப் பொறுத்தவரை, 1823ஆம் ஆண்டு மறுமொழிக்குப் பின் நாம் நெடுந்தொலைவு சென்றுவிட்டோம் எனக் கூறுவதற்கில்லை.

அச்சு அளித்த வாய்ப்பு

எழுத்துமுறையிலிருந்த இடையூறு படிப்படியாக நீங்கியது. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்தும் மாற்றத்தை வீரமாமுனிவருக்கு உரியதாகக் கூறுவர். அவருடைய தொன்னூல் விளக்கம் 1730இல் இயன்றது. அயல்நாட்டிலிருந்து வந்து தமிழைக் கண்ணால் கற்க நேர்ந்த ஒருவருக்கே இக்குறை உறுத்தியது என்பது எண்ணத்தக்கது. செவியில் தமிழ் நிறைந்தவர்க்கு ‘எரி’யையும் ‘ஏரி’யையும் பிரித்தறிய வடிவ வேறுபாடு வேண்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சில் புள்ளி நிலைபெற்றது. சொல் இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் வந்தன.

இம்மாற்றங்களைச் சிறுவர் நலன் கருதி ஒருங்கே பயன்படுத்தியவருள் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தலைமையானவர். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி நிறுவியவர், 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாலபாடங்களை வெளியிடத் தொடங்கினார். படிமுறையில் அமைந்த உரைநடைப் பாடங்கள் அவை. கடினசந்தி விலக்கியும் குறிகள் இட்டும் உரைநடையை எழுதிய அவர் முறையைத் தமிழ் உரைநடை வரலாற்றாசிரியர் பலர் பாராட்டியுள்ளனர். கற்பித்தல் வரலாற்றில் அதன் இடம் போதிய அளவில் உணரப்படவில்லை. முன்பு கேட்டிராத ஒரு செய்தியை ஒரு சிறுவன் தனியே அமர்ந்து எழுத்திலிருந்து அறியலாம் என்னும் எதிர்பார்ப்பு அவ்வுரைநடையில் பொதிந்துள்ளது. ஏட்டுக்காலத்தில் அதற்கு இடமில்லை.

ஆயினும் பள்ளியின் பழக்கம் எழுத்தோடு சேர்ந்து மாறவில்லை. பாடநூல் அச்சிலானது, பாடம் முன்போலவே முன்சொல்லிப் பின்சொல்லும் முறையில் நடந்தது. ஆசிரியர் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டிய பாடத்தையே மாணவர் படிப்பர்; தேர்விலும் அப்பாடத்தின் வினாக்களே வரும். எனவே படிக்கத் தெரிந்தவனையும் பாடத்தை நினைவில் வைத்திருப்பவனையும் பிரித்தறிய எவருக்கும் வாய்ப்பு நேர்வதில்லை. அணில், ஆடு, இலை என்று தொடங்கும் அரிச்சுவடியில் ஒட்டகமும் எஃகும் இடம்பெறுவது எழுத்து வரிசையின் கட்டாயத்தாலேயே. படத்தைப் பார்த்தே சொல்லைக் கூறிவிடும் குழந்தை எழுத்தைப் பார்த்ததா என்பதை அரிச்சுவடி சோதிப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கவனம் பெரிதும் வடிவத்தின்மேல் சென்றது. 1935இல் ஈ.வெ.ரா. பெரியார் தம் குடிஅரசு இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய வடிவங்கள் ஒழுங்குபட்டன. குழந்தையின் நினைவுச் சுமை சிறிது குறைந்தது. நெடுங்கணக்கு வரிசையை விட்டு, வரைய எளிய வடிவங்களிலிருந்து தொடங்கும் முறைகளும் பரவின. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007ஐ ஒட்டி மாநிலம் முழுவதும் விரிந்தது. குழந்தை தன் விரைவிற்கேற்ப அட்டை அட்டையாக முன்னேறலாம் என்னும் அதன் அடிப்படை, ஒரே குரலில் பின்சொல்லும் வகுப்பை உடைத்தது. 2022இல் தமிழகத்தில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் அடிப்படை வாசிப்பை உறுதி செய்வதை நோக்கமாகக் கொண்டது.

மூன்றாம் வகுப்பு என்னும் எல்லை தற்செயலானதன்று. வாசிப்பு வளர்ச்சியின் படிநிலைகளைப் பற்றி 1983இல் எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் ஜீன் சால், தொடக்க ஆண்டுகளில் குழந்தை படிக்கக் கற்கிறது. அதன்பின் கற்பதற்காகப் படிக்கிறது என்று வேறுபடுத்தினார். நான்காம் வகுப்பில் அறிவியலும் சமூகவியலும் எழுத்தின் வழியே வரத் தொடங்குகின்றன. கண்வழி வாசிப்பு அதற்குள் கைவராத குழந்தைக்கு ஒரு பாடத்தில் மட்டும் பின்னடைவு நேர்வதில்லை. எல்லாப் பாடங்களும் ஒருசேரக் கதவடைக்கின்றன. ஊரகக் குழந்தைகளிடையே நடத்தப்பெறும் ஆண்டுக் கல்விநிலை அறிக்கை (ஏசர்) இவ்வகையில் பயனுடையது. பள்ளியில் நடந்த பாடத்தை அது கேட்பதில்லை. குழந்தை முன்பு கண்டிராத பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது. அனைத்திந்திய அளவில் இரண்டாம் வகுப்பு நிலைப் பத்தியைப் படிக்க வல்ல மூன்றாம் வகுப்பு மாணவர் 2018இல் 27.3 விழுக்காடு, பெருந்தொற்றுக்குப் பின் 2022இல் 20.5; 2024இல் 27.1. நான்கில் மூவருக்கு அந்த எல்லையில் கதவு திறக்கவில்லை.

ஏன் என்பதற்கு எழுத்தைக் குறைகூறுவோர் உளர். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட கட்டுரையில், இவ்வகை எழுத்துமுறைகளில் எழுத்துகளை முற்றக் கற்பதற்கே நான்காம் வகுப்பு வரையிலும் அதற்கு மேலும் ஆகின்றது என்று காட்டினார். தமிழில் கூட்டெழுத்து இல்லை. 247 என்னும் எண் அச்சுறுத்தினாலும் கற்க வேண்டிய அடிப்படை வடிவங்கள் சிலவே. ஒகர ஓகாரக் குறிகள் எழுத்தின் இருபுறமும் அமைவதும், எகர ஏகார ஐகாரக் குறிகள் பின்னே ஒலித்தும் முன்னே நிற்பதும் சிறு இடர்கள். வடிவம் மட்டுமே தடையாயின் தமிழ்க் குழந்தை விரைந்து படிக்க வேண்டும். 1986இல் கஃப், டன்மர் ஆகிய இருவரும் முன்வைத்த எளிய வாய்பாடு இங்குத் துணைசெய்யும். வாசித்துப் பொருளுணர்தல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் சேர்ந்த கூட்டுத்தொகை அன்று, பெருக்குத்தொகை. ஒன்று சுழியாயின் விளைவும் சுழியே. ‘வந்துகிட்டிருக்காங்க’ என்று கேட்டு வளர்ந்த குழந்தையின் முன் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்னும் தொடர் நிற்கிறது. அதை எழுத்தெழுத்தாகக் கூட்டிச் சொல்லி முடித்தபின் செவியில் ஒலிப்பது அது அறிந்த சொல் அன்று. காம்பெல் கண்டது இதனையே.

தீவின் நிலை

தமிழகக் குழந்தைக்கு ஒரு துணை உண்டு. திரைப்பாடல், மேடைப்பேச்சு, செய்தி அறிக்கை, கோயில் ஒலிபெருக்கி, கடைப் பலகை ஆகியவை எழுத்துத் தமிழை ஓயாது செவியிலும் கண்ணிலும் சேர்க்கின்றன. பள்ளி கற்பிக்கத் தவறியதைத் தெரு ஓரளவு கற்பித்துவிடுகிறது. அந்தமானில் தெரு வேறொரு மொழி பேசுகிறது.

1858இல் நிறுவப்பெற்ற தண்டனைக் குடியேற்றத்தில் பல மாகாணத்துக் கைதிகளிடையே இந்துஸ்தானி பொதுமொழியாயிற்று. நாட்டு விடுதலைக்குப்பின் வங்க அகதிகளும், வேலைதேடிய தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் குடியேறினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழருள் ஒரு பகுதியினர் நிக்கோபாரின் கச்சால் தீவில் இரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பெற்றனர். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3.8 இலட்சம் மக்களுள் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் 28 விழுக்காடு. தமிழர் 15 விழுக்காடு. எம்மொழியினரும் பெரும்பான்மையர் அல்லர். எனவே இந்தியே எல்லார்க்கும் இடைமொழி. தாய்மொழிவழித் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய முயலுமாறு பணிக்கும் 350அ உறுப்பு 1956இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்டது. அதன் நோக்கத்திற்கு இத்தீவுகளினும் பொருத்தமான களம் அரிது. தமிழ் உள்ளிட்ட மொழிகளின்வழி அரசுப் பள்ளிகளும் இங்கு நடந்து வந்துள்ளன; எனினும் இந்தி, ஆங்கில வழிகளின் ஈர்ப்பு வலியது.

பத்துபஸ்தி போன்ற புறநகர்க் குடியிருப்பில் வளரும் தமிழ்க் குழந்தை வீட்டில் பேச்சுத் தமிழும், விளையாட்டிலும் கடையிலும் இந்தியும் கேட்டு வளர்வது இயல்பு. அக்குழந்தைக்கு எழுத்துத் தமிழைச் செவிவழி அறிவிக்கும் தெரு இல்லை. தேவநாகரி எழுத்தை முதலில் கற்குமாயின் வேறொரு சிக்கலும் சேரும். தேவநாகரி ஒலிப்பிலா ஒலிக்கும் ஒலிப்புடைய ஒலிக்கும், மூச்சொலி சேர்ந்தவற்றிற்கும் தனித்தனி எழுத்துகள் உடையது. சொல்லிறுதி அகரம் ஒலிக்குமா, கெடுமா என்பதை அது காட்டுவதில்லை. தமிழ் இதற்கு நேர்மாறு. இறுதி மெய்யைப் புள்ளியால் ஐயமறக் காட்டும். ஒலிப்பு வேறுபாட்டைச் செவிக்கு விட்டுவிடும். ‘பால்’ என்பதும் ‘பஸ்’ என்பதும் ஒரே எழுத்தில் தொடங்கினும் ஒலி வேறு என்பதைச் சொல்லை அறிந்தவரே அறிவர். ஆகவே ஒவ்வோர் எழுத்துமுறையும் ஏதோ ஒன்றைச் செவியிடம் ஒப்படைத்தே நடக்கிறது. இரண்டு முறைகள் ஒப்படைக்கும் பொருள்கள் வேறுவேறு என்பதை யாரும் எடுத்துரைக்காதபோது, அக்குழந்தை இரண்டிலும் தடுமாறுவதை மந்தம் எனக் கருதுதல் எளிதாகிவிடுகிறது. அதனை இரு மொழியிலும் பேசத் தெரிந்த குழந்தை என்று முதலில் கருதுதல் வேண்டும்.

இத்தீவுக் கூட்டத்திலேயே வேறு வழியில் சென்ற வரலாறு ஒன்று உண்டு. அதன் தொடக்கத்தில் ஒரு தமிழர் நிற்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கார் நிக்கோபாரின் மூஸ் ஊரில் பள்ளி நடத்திய வேதப்பன் சாலமோன் அவர். அவரிடம் பயின்று பர்மாவில் கல்வியைத் தொடர்ந்த ஜான் ரிச்சர்ட்சன், தம் தீவுக்குத் திரும்பி ஆசிரியராயினார். நிக்கோபாரி மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் வழக்கம் வேரூன்றியது. ஜார்ஜ் ஒயிட்ஹெட்டின் கார் நிக்கோபாரி அகராதி 1925இல் இரங்கூனில் வெளிவந்தது. ரிச்சர்ட்சன் முயற்சியால் விவிலியம் அம்மொழியில் அமைந்தது. பின்னர் அவர் முதல் மக்களவையில் இத்தீவுகளின் நியமன உறுப்பினராகவும் (1952–57) இருந்தார். எழுத்து மரபே இல்லாத மொழிக்குப் புதிதாக எழுத்து அமைந்தமையால், அங்கு எழுத்துமொழிக்கும் பேச்சுமொழிக்கும் நூற்றாண்டுகளின் இடைவெளி இல்லை. ஈராயிரம் ஆண்டு இலக்கிய வளம் நிக்கோபாரிக்கு இல்லை. அவ்வளம் குழந்தையின் வாயிலில் இடும் சுமையும் அதற்கில்லை. தமிழ் இந்த வசதியை விரும்பிப் பெற இயலாது. பெற விரும்பவும் மாட்டோம். ஆனால் அச்சுமை இருப்பதை ஒப்புக்கொள்ளலாம்.

ஒப்புக்கொண்டால் செய்யத்தக்கவை சில உள்ளன. அவற்றுள் ஒன்று மொழிபெயர்ப்பாளர் கையில் உள்ளது. பன்மொழிப் பகுதிகளின் பாடநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தோன்றித் தமிழுக்கு வருபவை. ‘நீரானது வெப்பப்படுத்தப்படும்பொழுது ஆவியாக மாற்றமடைகிறது’ என்று எழுதினால் கருத்துப் பிழை இல்லை. கலைச்சொற் பிழையும் இல்லை. அதன் இரண்டாம் சொல்லில் மட்டும் மெய்யும் உயிர்மெய்யுமாகப் பதினைந்து எழுத்துகள் உள்ளன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் எட்டு வயதுக் குழந்தை அச்சொல்லின் முடிவை எட்டும்போது அதன் தொடக்கத்தை மறந்திருக்கும். ‘தண்ணீரைச் சூடாக்கினால் அது ஆவியாகும்’ என்பதும் எழுத்துத் தமிழே; இலக்கணம் வழுவாதது. இதன் ஒவ்வொரு சொல்லும் வீட்டில் கேட்ட சொல்லுக்கு ஓரடித் தொலைவில் நிற்கிறது. ‘ஆவி’ ஒன்றே புதிது. ஏனைய சொற்களின் துணைகொண்டு அதன் பொருளைக் குழந்தையே உய்த்துணரும். தெரிந்தவை நான்கின் நடுவே தெரியாதது ஒன்றை வைப்பதும், தெரியாதவை நான்கை ஒரே தொடரில் அடுக்குவதும் மொழிபெயர்ப்பாளரின் தேர்வு. அத்தேர்வை மேற்கொள்ளும்போது அவர் முன் மூலநூலும் கலைச்சொல் அகராதியும் இருக்கின்றன. பத்துபஸ்தியின் மூன்றாம் வகுப்புக் குழந்தை இருப்பதில்லை. பாடநூல் அச்சுக்குச் செல்லுமுன் அக்குழந்தையைப் போன்ற பத்துப் பேரிடம் அதனைக் கொடுத்து, எந்தச் சொல்லில் விரல் நின்றுவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுதல் பெருஞ்செலவு பிடிக்கும் ஆய்வன்று.